லாங் பஜாரில் முப்பத்தேழாம் நம்பர்

போன வாரம் வீட்டுக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள், அவள் அம்மாவுக்காகப் போனிலேயே தேடி, போனிலேயே வாங்கி அனுப்பிய ஷூ. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். வெறும் செருப்போடு நடந்தால் முட்டி போய்விடும் என்று மகளுக்கு அவள் ஆபீசில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெட்டியைத் திறந்தவுடன் எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. தோல் வாசனை மருந்துக்கும் இல்லை. புதுப் பிளாஸ்டிக் குடத்துக்குள் தலையை விட்டால் வருமே, அந்த வாசனைதான் வந்தது. ஆம்பூர் ஷூ பேக்டரியில், கட்டிங் செக்‌ஷனில், தோலைத் தடவியும் முகர்ந்துமே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். இதையெல்லாம் ஷூ என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வருவதில்லை.

என் மனைவி அம்சவேணி வலது காலை மட்டும் உள்ளே விட்டாள். ஒரு நொடிதான். "கடிக்குது. திருப்பி அனுப்பச் சொல்லுங்க" என்றாள். எழுந்து நிற்கக்கூட இல்லை. போனில் மகள் கெஞ்சினாள். "ரெண்டு நாள் போட்டா சரியாயிடும்மா."

"ரெண்டு நாளு நான் எதுக்குடி கடி வாங்கணும்?" என்று கேட்டுவிட்டு, ஷூவைப் பெட்டிக்குள் போட்டு மூடி, அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாத்துக்குப்பா சிரிக்கிற?" என்றாள் மகள். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவும் பெண்ணும் சேர்ந்துகொண்டு என்னைத்தான் கிண்டல் செய்வார்கள். உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் கிண்டல் செய்தாலும் எனக்குக் கேட்காது.

தோல் வாசனை என்றதும் நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ரயில் எங்கள் பக்கம் வரும்போது அவசர அவசரமாக ஜன்னலை இறக்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாடை தோலைப் பதப்படுத்தும் இடத்து வாடை. அதெல்லாம் முடிந்து, சாயம் ஏறி, மினுமினுவென்று ஷூ பேக்டரிக்கு வந்து சேரும் தோலுக்கு வேறு வாசனை. பள்ளிக்கூடம் திறந்த முதல் நாளில் புதுப் புத்தகத்தைப் பிரித்து முகர்வோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த வித்தியாசத்தை விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

நான் பெண் பார்க்கப் போனது குடியாத்தத்துக்கு. வீட்டுக்குள்ளேயே மூன்று குழித்தறி. அம்சவேணியின் அப்பா, அண்ணன், அவள், மூன்று பேரும் லுங்கி நெய்வார்கள். எல்லாருக்கும் என்னைப் பிடித்துப்போனது. அவளுடைய சித்தப்பா ஒருவருக்கு மட்டும் பிடிக்கவில்லை. "போயும் போயும் தோல் பேக்டரிக்காரனுக்கா பொண்ணைக் குடுக்கிறீங்க? கிட்ட போனா நாறுமே" என்று அவர் கேட்டதாகக் கல்யாணத்தன்று ஒருவர் என் காதில் வந்து போட்டுவிட்டுப் போனார். இப்படிப்பட்ட செய்திகளைச் சுடச்சுடக் கொண்டுவந்து சேர்க்க எல்லாக் கல்யாணத்திலும் ஒருவர் இருப்பார் போலிருக்கிறது. தாலி கட்டின சந்தோஷத்தில் பாதி அங்கேயே போயிற்று.

அந்த வார்த்தை என்னைச் சும்மா விடவில்லை. கல்யாணம் முடிந்து ஆம்பூர் வந்த நாளிலிருந்து தினமும் காலையில் எலுமிச்சம்பழத் தோலைக் கையில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். பத்து நாள் கல்யாண லீவில் இருக்கிறவன் கையில் எந்த வாசனை இருக்கப்போகிறது? இருந்தாலும் கழுவினேன். "இன்னாடா இது, ஊறுகாய்க்கு வெச்ச பழமெல்லாம் எங்க போவுது?" என்று அம்மா சமையலறையில் தேடிக்கொண்டிருந்தாள்.

அம்சவேணியோ வாயையே திறக்கவில்லை. 'ம்', 'சரிங்க', 'வேணாங்க'. இந்த மூன்றுதான். நான் எதைச் சொன்னாலும் இந்த மூன்றில் ஒன்று வரும். என் அம்மாவிடம் சமையலறையில் மெதுவாகப் பேசுகிற சத்தம் கேட்கும். நான் எட்டிப் பார்த்தால் நின்றுவிடும். புதுப்பெண்ணின் கூச்சம் என்று அம்மா சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சித்தப்பா சொன்னதுதான் இவள் மனசிலும் இருக்கிறது, என் வேலையை இவளுக்குப் பிடிக்கவில்லை என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். லீவு முடிவதற்குள் அவளை ஒரு வாக்கியமாவது பேச வைத்துவிட வேண்டும், முடிந்தால் சிரிக்க வைத்துவிட வேண்டும். அது நடக்காவிட்டால் இந்த மூன்று வார்த்தைகளிலேயே ஆயுசு முழுக்க ஓட்ட வேண்டியிருக்குமோ என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அதற்கு நான் நம்பியிருந்தது ஒரு ஜோடி ஷூவை. எங்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்காவது கல்யாணம் என்றால், மேனேஜரிடம் கேட்டு, வெட்டி மிச்சமான தோலில் புதுப்பெண்ணுக்கு ஒரு ஜோடி செய்து கொடுப்போம். நாங்கள் வெட்டுவோம், தையல் செக்‌ஷன் பெண்கள் தைப்பார்கள், சாம்பிள் ரூமில் பஷீர் பாய் அதை அச்சில் ஏற்றி முடித்துத் தருவார். கால் வடிவத்தில் இருக்கிற அந்த அச்சை எங்கள் பேக்டரியில் லாஸ்ட் என்போம்.

கல்யாணமான மூன்றாம் நாளே, லீவென்றும் பாராமல் பேக்டரிக்குப் போய் நின்றேன். பஷீர் பாய் என்னிடம் கேட்டார். "தோஸ்த், சைஸ் இன்னா? பேப்பர்ல கால வெச்சு வரைஞ்சு எடுத்தாந்தியா?"

"பேப்பர் எதுக்கு பாய்? முப்பத்தேழு. கைலயே புடிச்சுப் பார்த்துட்டேன்."

எங்கே பிடித்துப் பார்த்தேன் என்று கேளுங்கள். கல்யாண மேடையில். பெண்ணின் காலைத் தூக்கி அம்மி மேல் வைத்து மெட்டி போடுகிறார்கள் அல்லவா, அப்போது. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார், சுற்றி நின்ற பெண்கள் கேலி பேசிச் சிரிக்கிறார்கள், நான் மட்டும் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, குதிகாலிலிருந்து பெருவிரல் வரை சாண் போட்டுப் பேக்டரி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்களுக்கான சாம்பிள் எல்லாம் எங்களிடம் முப்பத்தேழாம் நம்பரில்தான் செய்வார்கள். வெளிநாட்டுக்காரன் அனுப்பின லாஸ்ட், அதையே பார்த்துப் பார்த்து என் கண்ணில் பெண்ணின் கால் என்றாலே முப்பத்தேழு என்று பதிந்துவிட்டது. சரியாக அதே சாண் வந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. நமக்கென்றே பிறந்தவள் என்றுகூட நினைத்தேன்.

"நீளம் சரிப்பா. அகலம்?" என்றார் பாய்.

"நம்ம கண்ணு தப்பாது பாய்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அப்புறம், "உன் பொண்டாட்டி, உன் கண்ணு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஷூ பிரமாதமாக வந்தது. நல்ல பழுப்பு நிறம், முன்பக்கம் மூடினது, சின்னதாகக் குதிகால். உள்பக்கம் ஆட்டுத்தோல் லைனிங். மாட்டின் முதுகுப் பக்கத்துத் தோலில் ஒரு கீறல், ஒரு உண்ணி கடித்த தடம்கூட இல்லாத இடமாகப் பார்த்து நானே வெட்டியது. லீவின் கடைசி நாள், வைகாசி மாதத்துச் சனிக்கிழமை காலையில் அதை அவள் முன்னால் வைத்தேன். "நாங்களே செஞ்சது. போட்டுக்கோ. வேலூருக்குப் போலாம், பஜார் பார்க்கலாம்" என்றேன். அவள் ஷூவையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். காலை உள்ளே விட்டாள். "சரியா இருக்குதா?" என்றேன்.

"ம்."

எனக்கு அது போதுமானதாக இருந்தது. இளம் பச்சைப் புடவை, தலை நிறையக் கனகாம்பரம், காலில் மேல்நாட்டுப் பெண்கள் கல்யாண விருந்துக்குப் போட்டுக்கொண்டு போகும் ஷூ. தெருவே திரும்பிப் பார்த்தது. அசூயையில் பார்க்கிறார்கள் என்று நினைத்தபடி நான் முன்னால் நடந்தேன்.

வேலூர் எனக்கும் பஸ் மாறுகிற ஊர்தான். ஆனால் பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டுவதற்குள்ளேயே, ஏதோ நான் அங்கேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி பேச ஆரம்பித்திருந்தேன். கோட்டை எதிரே இறங்கினதும், "இதான் கோட்டை" என்றேன். எதிரே மலைபோல அது நிற்கிறது. "இதான் அகழி" என்றேன். தண்ணீர் தெரிகிறது. யார் கட்டினது, எப்போது கட்டினது என்று அவள் கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். நல்லவேளையாக அவள் எதுவும் கேட்கவில்லை. "உள்ள போயி கோயில் பாக்கலாமா, பஜார் பாக்கலாமா?" என்றேன். கோயிலுக்கு ஷூவைக் கழற்ற வேண்டுமே என்று எனக்கே தோன்ற, பதிலுக்குக் காத்திருக்காமல் பஜார் பக்கம் திரும்பினேன். அவள் அந்த நிமிஷம் கோயிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது பின்னால்தான் எனக்கு உறைத்தது.

லாங் பஜாருக்குள் நீங்கள் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் தெரியும், அங்கே நாம் நடப்பதில்லை, கூட்டம் நம்மை நடத்திக்கொண்டு போகும். அன்றைக்கும் அப்படித்தான். மிளகாய் மூட்டை ஏற்றின கைவண்டி ஒன்று "ஓரம், ஓரம்" என்று முதுகில் இடித்துக்கொண்டு வந்தது. அதற்கு வழிவிட்டால் ஸ்கூட்டர்க்காரன் பக்கவாட்டில் புகுந்து வந்தான். ஒரு கடையில் புளி, அடுத்த கடையில் எவர்சில்வர், அதற்கடுத்து வளையல், அதற்கடுத்துக் கயிறு. மிளகாய் நெடிக்குத் தும்மிக்கொண்டே நாலு கடை தாண்டினால் வெல்லத்தின் வாசனை வந்து தும்மலை நிறுத்தும். இன்னும் கொஞ்ச தூரம் போனால் அத்தர் கடை. அங்கே ஒரு பெரியவர் கேட்காமலேயே என் கையைப் பிடித்து இழுத்துப் புறங்கையில் ஒரு சொட்டுத் தேய்த்தார். எலுமிச்சம்பழத்துக்கு மேல் இதுவும் ஒரு காவல் என்று நானும் சந்தோஷமாகத் தேய்த்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்கு வந்த வடக்கத்திக் குடும்பங்கள் கையில் எக்ஸ்ரே கவரோடு, டாக்டர் கூப்பிடுகிற வரைக்கும் பொழுதுபோக, கடை கடையாக வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தார்கள். அவர்களும் எங்களைப் போலத்தான், ஊரும் புரியாமல் வழியும் தெரியாமல்.

அம்சவேணி ஒவ்வொரு கடையிலும் நின்றாள். எனக்கு ஒரே குஷி. இவளுக்குக் கடை பார்க்க இவ்வளவு ஆசையா, இது தெரியாமல் பத்து நாளை வீணடித்துவிட்டேனே என்று நினைத்தேன். அவள் நின்ற இடத்திலெல்லாம் நானும் நின்று, "இது வேணுமா, அது எடுக்கட்டுமா?" என்று கேட்டேன். "வேணாங்க." நாலு எட்டு நடப்பாள், மறுபடி நிற்பாள். கயிற்றுக் கடை வாசலில் நின்றாள். "கயிறு வேணுமா?" "வேணாங்க." பயிருக்கு மருந்து அடிக்கிற டேங்க் விற்கும் கடை ஒன்று வந்தது. திமிரிப் பக்கத்து விவசாயி ஒருவர் அதை முதுகில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்சவேணி அந்தக் கடைத் தூணில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு முருங்கை மரம். ஆனாலும் புது மனைவியின் ஆசையைக் குறைத்து நினைக்கக் கூடாது என்று, "மருந்தடிக்கிற டேங்க் வேணுமா?" என்று நிஜமாகவே கேட்டேன்.

"ம்" என்றாள். அவள் நான் கேட்டதைக் கவனித்திருக்கவே மாட்டாள். விவசாயி என்னைப் பார்த்து, "எத்தினி ஏக்கரு?" என்று விசாரித்தார். நான் அவளை நகர்த்திக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு வழியாக லுங்கிக் கடையில் அதிசயம் நடந்தது. எனக்கு லுங்கி வாங்கலாம் என்று உட்கார்ந்தோம். கடைக்காரர் ஒன்றை விரித்துப்போட்டு, "ஒரிஜினல் குடியாத்தம் சார், கைத்தறி. பத்து வருஷம் உழைக்கும்" என்றார். அம்சவேணி ஒரு முனையை எடுத்தாள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். இரண்டு விரலால் நகர்த்திப் பார்த்தாள். அப்புறம் பேசினாள். முழு வாக்கியமாகப் பேசினாள்.

"இது கைத்தறில நெய்ஞ்சது இல்லைங்க. ஊடை நூலு கம்மியா குடுத்துருக்காங்க. ரெண்டு தண்ணி பார்த்தா தொளதொளன்னு ஆயிடும்."

பத்து நாளாக நான் தவம் கிடந்தும் கிடைக்காத வரம் அந்த லுங்கிக் கடைக்காரருக்கு ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. அவருக்கு அதன் அருமை தெரியவில்லை, முகத்தைச் சுளித்தார். அடுத்தடுத்து ஆறு லுங்கி எடுத்துப்போட்டார். ஆறிலும் குற்றம் இருந்தது. எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பொறாமை. பக்கத்துக் கடையில் பெல்ட் தொங்கியது. நானும் லேசுப்பட்டவன் இல்லை என்று காட்ட ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்து, "இது வயித்துப் பக்கத்துத் தோல். ஒரு மாசத்துல இழுத்துக்கும்" என்றேன். பையைத் தட்டிப் பார்த்து, "இது தோலே இல்ல" என்றேன். இரண்டு கடைக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லுங்கிக் கடைக்காரர்தான் கேட்டார்.

"ஏம்பா, நீங்க ரெண்டு பேரும் வாங்க வந்தீங்களா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தீங்களா?"

அம்சவேணியின் உதடு லேசாக அசைந்தது. சிரிக்கப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன். சிரிப்பு வரவில்லை. எழுந்தவள் மறுபடி சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. அப்போதும் எனக்குப் புரியவில்லை. வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது, எதையாவது குடித்தால் சரியாகும் என்று, ஒரு கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்துக் கோட்டைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை அவள் மிகவும் மெதுவாக நடந்தாள். நான்தான் பத்தடி முன்னால் போய்ப் போய்த் திரும்பி நின்றேன்.

அகழி ஓரத்தில் ஒரு மரத்தடி. சிமெண்டு பெஞ்சு. உட்கார்ந்ததும் அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு, எனக்குத் தெரியாமல் இடது காலை ஷூவிலிருந்து உருவினாள். நான் குனிந்து பார்த்தேன். லைனிங்கில் ரத்தம். சின்ன விரல் பக்கமும் குதிகாலிலும் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. வலது காலைக் கழற்றச் சொன்னேன். அது இன்னும் மோசம்.

அப்போதுதான் அந்தக் காலை நான் முழுசாகப் பார்த்தேன். முன்பாதம் விசிறிபோல் அகன்று, விரல்கள் தனித்தனியாக விரிந்து இருந்தது. பத்து வயதிலிருந்து குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, வெறுங்காலால் மிதியை மாற்றி மாற்றி மிதித்து நெய்த கால். நீளம் முப்பத்தேழுதான். அகலத்துக்கு எங்கள் பேக்டரியில் லாஸ்ட்டே கிடையாது. கயிற்றுக் கடை, மருந்து டேங்க் கடை எல்லாம் ஏன் என்று ஒவ்வொன்றாக எனக்கு விளங்கியது. பாயின் 'அகலம்?' என்ற கேள்வியும் காதில் வந்து நின்றது. எந்தத் தேசத்துக்கோ போகிற தோலில் குண்டூசி முனை அளவு கீறல் இருந்தால் கண்டுபிடித்து வட்டம் போடுகிறவன், பக்கத்தில் நடந்தவள் மூன்று மணி நேரமாக நொண்டுவதைப் பார்க்கவில்லை.

"கடிக்குதுன்னு ஏன் சொல்லல?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கோபமாகக் கேட்டது. கோபம் அவள் மேல் இல்லை.

அவள் புடவை ஓரத்தை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். "நீங்களே செஞ்சதுன்னு குடுத்தீங்க. கடிக்குதுன்னு சொன்னா உங்க வேலையக் குறை சொல்ற மாதிரி ஆயிடும். எங்க சித்தப்பா பேசினது உங்க காதுக்கு வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அதுக்கு மேல நானும் ஒண்ணு சொல்லணுமா?"

அவளே தொடர்ந்தாள். "நீங்க தெனம் எலுமிச்சம்பழம் தேய்க்கிறது எதுக்குன்னும் தெரியும். உங்க கைல ஒரு நாத்தமும் இல்ல. இன்னைக்குப் போட்டீங்களே அத்தரு, அதான் தலைய வலிக்குது."

நான் அகழிப் படிப்பக்கம் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தேன். பெஞ்சுக்குக் கீழே உட்கார்ந்து, அவள் பாதத்தை என் உள்ளங்கையில் வைத்து, இந்தத் தடவை குறுக்காகச் சாண் போட்டேன். "அய்யோ, எல்லாரும் பாக்கறாங்க, எழுந்திருங்க" என்று காலை இழுத்துக்கொண்டாள். பார்த்தால் பார்க்கட்டும் என்றிருந்தது. என் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் வைத்தேன். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டேன். மறுபடி பஜாருக்குள் போய் அவளுக்கு ஒரு செருப்பு வாங்கினால்தான் ஊர் போய்ச் சேர முடியும்.

வைகாசி மாதத்து வேலூர் வெயிலைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்தடி நடந்ததும் தார் ரோடு காலைப் பிடித்தது. நான் குதித்தேன். நிழல் எங்கே தெரிகிறதோ அங்கே தாவினேன். கைவண்டி நிழலில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றேன், வண்டி நகர்ந்ததும் மறுபடி குதித்தேன். ஒரு கையில் பெண்பிள்ளை ஷூ, இன்னொரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன். பின்னால் அம்சவேணி, அவள் காலுக்கு இரண்டு மடங்கான என் செருப்பை டப்பு டப்பென்று அடித்துக்கொண்டு வருகிறாள். லுங்கிக் கடைக்காரர் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். அப்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னால் நின்று பார்க்கக்கூட முடியவில்லை, கால் சுட்டது. குதித்துக்கொண்டேதான் பார்த்தேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சந்தோஷமாக நான் குதித்ததில்லை.

நடைபாதையில் கோணியை விரித்து ரப்பர் செருப்பு விற்றுக்கொண்டிருந்த அம்மாள் எங்களை மேலும் கீழும் பார்த்தாள். "யாருக்குப்பா செருப்பு? உனக்கா, அந்தப் பொண்ணுக்கா?" நீல வார் வைத்த ஹவாய் செருப்பு ஒன்றை அம்சவேணியே பொறுக்கி எடுத்தாள். காலை விட்டு, நாலடி போய், நாலடி வந்து, "இது கடிக்கல" என்றாள். தோல் ஷூ செய்கிற ஊரிலிருந்து வந்தவன் கட்டின மனைவிக்கு வாங்கிக் கொடுத்த முதல் காலணி அந்த ரப்பர் செருப்புதான். நாங்கள் பஜாரில் வாங்கினதும் அது ஒன்றுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பேச ஆரம்பித்தாள். லுங்கிக் கடைக்காரர் பொய் சொன்னது, மருந்து டேங்க் கடையில் அந்த விவசாயி ஏக்கர் கேட்டது, நான் குதித்தது. ஆம்பூர் வருகிற வரைக்கும் நிறுத்தவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். திங்கட்கிழமை வேலைக்குப் போன நான் நேராகப் பஷீர் பாயிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு வெள்ளைப் பேப்பரை எடுத்துக் கையில் கொடுத்து, "காலை வெச்சு வரைஞ்சுட்டு வா. அப்புறம் பேசு" என்றார். முன்பாகத்தில் லாஸ்ட்டுக்கு மேல் தோல் துண்டு ஒட்டி ஒட்டி அகலப்படுத்தி ஒரு ஜோடிச் செருப்பு செய்து கொடுத்தார். பார்க்க வாத்து மாதிரி இருக்கும். அதை அவள் தேய்ந்து ஓட்டையாகிற வரைக்கும் போட்டாள். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து ஒரே சட்டம், கடித்தால் கடிக்கிறது என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். செருப்பு மட்டுமில்லை, எதுவானாலும். அந்தச் சட்டத்தைப் போட்டது நான். அதை அமல்படுத்துகிற வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அதற்கு ஒரு நாள்கூட லீவு விட்டதில்லை.

மகள் அனுப்பிய ஷூ திரும்பிப் போய்விட்டது. காலில் போட்டுப் பார்த்து வாங்கலாம் என்று நேற்று நாங்கள் இருவரும் வேலூர் போனோம். லாங் பஜாரில் கூட்டம் மட்டும் மாறவில்லை. லுங்கிக் கடை இருந்த இடத்தில் கைபேசிக்கு உறை விற்கிறார்கள். மருந்து டேங்க் கடைக்குக் கண்ணாடிக் கதவு வந்து, தூண் உள்ளே போய்விட்டது. கோணி விரித்து உட்கார்ந்திருந்த அம்மாளின் இடத்தில் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். அத்தர் கடைச் சந்து எது என்று எங்கள் இரண்டு பேருக்கும் நினைவு வரவில்லை. பஷீர் பாயும் இப்போது இல்லை.

ஒரு கடை நிழலில் ஒதுங்கி நின்றபோது நான் கேட்டேன். "அன்னைக்கு ரொம்ப வலிச்சுதா?"

"என்னைக்கு?"

"அந்த முப்பத்தேழு."

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்குது? நீங்க ரோட்டுல தைதைன்னு குதிச்சீங்களே, அதான் ஞாபகம் இருக்குது" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, எதிரே இருந்த கடைக்காரரிடம், அகலமான முன்பாகம் உள்ளதாக எடுத்துப்போடச் சொல்லி அதிகாரம் செய்யப் போய்விட்டாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அந்த வலி அவளிடம் இல்லை. லைனிங்கில் இருந்த ரத்தம் எனக்கு மட்டும்தான் இன்னும் தெரிகிறது. அன்றைக்கு நான் மன்னிப்பு என்று வாயைத் திறந்து கேட்கவில்லை. குதித்ததும் சிரித்ததுமாக அது அப்படியே போய்விட்டது. இப்போது யாரிடம் கேட்பது? எதிர்க்கடையில் உட்கார்ந்து ஐந்தாவது ஜோடியையும் வேண்டாமென்று தள்ளிக்கொண்டிருக்கிறவளிடம் கேட்டால், "இன்னா ஆச்சு உங்களுக்கு, வெயில்ல சுத்துனீங்களா?" என்பாள். எனக்குச் சின்னதாக ஒரு தலைகுனிவுகூட வந்துவிடக் கூடாது என்று, இந்தத் தெரு முழுக்க ரத்தக் காலோடு, வாயைத் திறக்காமல் நடந்து வந்தாளே, அந்தப் பச்சைப் புடவைப் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும். அவள் இனி எங்கும் கிடையாது. அவள் இல்லாமல் போனதில் எனக்குச் சந்தோஷம்தான், சத்தியமாக. ஆனாலும் நேற்று அந்த நிழலில் நின்றபடி, நெடுநேரம், கூட்டத்தில் வருகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.